ஏழாம் வாரச் செடி

அந்த ஆரம்பப் பள்ளிக்கு இயற்கையின் மேல் இருந்த அன்புக்கு அளவே கிடையாது. அளவில்லாத அன்பை வெளியே எப்படிக் காட்டுவது என்று ரொம்ப நாள் யோசித்து, கடைசியில் ஸ்கேல் வைத்து அளந்தே காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

வாசலில் இரண்டு பச்சைக் கொடிகள் பறந்தன. பசுமைப் பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அது கொடுத்த கொடிகள். மூன்றாவதும் கிடைத்துவிட்டால் 'முழுப் பசுமைப் பள்ளி' என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். மூன்று கம்பங்களுக்கு இடம் வேண்டுமே என்று வாசலில் நின்ற பெரிய மரத்தை வெட்டி, அங்கே சிமெண்ட் மேடை கட்டியாயிற்று. வெட்டிய மரத்தையும் சும்மா விடவில்லை. பலகையாக அறுத்து, 'மரம் நம் தோழன்' என்று எழுதி மாட்டினார்கள். எதையும் வீணாக்கக் கூடாது என்பது பள்ளியின் கொள்கை.

இதெல்லாம் ஒன்றும் பிடிபடாமல் திண்டாடியவர்களில் ஒருவர் ரொட்டி வேன்காரர். ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேனை ஓட்டிக் கடை கடையாகச் சரக்கு போடுகிறவர். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள் சுண்டு. பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று வைத்த செல்லப் பெயர். மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவள் உடம்பு அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தது. நடந்து போகிற தூரத்தில் அந்த ஒரு பள்ளிதான். மற்றவற்றுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கொண்டுபோய் விட ஆள் கிடையாது.

சென்ற பருவத்தில் 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' நடந்தது. காலி பிளாஸ்டிக் பாட்டில்களால் ஒரு யானை செய்வதாகத் திட்டம். ஆளுக்கு ஒரு மூட்டை காலி பாட்டில் கொண்டுவரச் சொன்னார்கள். வேன்காரர் வீட்டில் எவர்சில்வர் குடமும் டம்ளரும்தான். "பாட்டில் இல்லைன்னா விழிப்புணர்வு இல்லைன்னு அர்த்தம் சார்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சோடா பாட்டில்களாக வாங்கி, குடும்பமே வயிறு உப்பக் குடித்து, மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றி, விழிப்புணர்வை ஒரு வழியாகச் சேர்த்து அனுப்பினார்கள். முதல் மழைக்கே யானை கலைந்து போய்த் தெருச் சாக்கடையை அடைத்துக்கொண்டது. அடுத்த வாரம் 'சாக்கடை சுத்தம் செய்வோம்' என்ற நிகழ்ச்சிக்கு அதுவே உபயோகமாக இருந்தது.

இந்தப் பருவத்தின் திட்டம், 'ஒரு குழந்தை, ஒரு செடி'.

வீட்டில் தின்ற பழத்தின் விதையைக் குழந்தை ஒரு தொட்டியில் போட்டு வளர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் தொட்டியைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பசுமை மிஸ் இரும்பு ஸ்கேலால் அளப்பார். பசுமை மிஸ் என்பது அவருக்குப் பள்ளி கொடுத்த பதவி. அதற்கு முன்னால் அவர் கணக்கு மிஸ். எந்த வாரம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. அட்டவணையை எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. ஏழாம் வாரம் சங்கத்தின் நடுவர்கள் வருவார்கள். அன்றைக்கும் சிவப்பில் இருக்கும் குழந்தைக்கு நான்காம் வகுப்பு கிடையாது.

"ஒரு செடியை வளர்க்கத் தெரியாத குழந்தையை நாங்க எப்படிங்க வளர்க்கிறது?" என்று பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் தட்டியதால் வேன்காரரும் தட்டினார்.

சுண்டு பேரீச்சம்பழப் பைத்தியம். இருந்ததிலேயே குண்டான கொட்டையைத் தேர்ந்தெடுத்து, தண்ணீரில் ஊறப் போட்டு, தொட்டியில் புதைத்தாள். அது முளைக்கும் முன்பே அதற்குத் தம்பி என்று பெயர் வைத்தாள். தம்பி வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவும் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இப்போது அவளே ஏற்பாடு செய்துகொண்டாள்.

முதல் வெள்ளிக்கிழமை பசுமை மிஸ் ஸ்கேலை மண்ணில் ஊன்றிப் பார்த்தார்.

"பூஜ்யம்."

"உள்ள இருக்கான் மிஸ். தூங்குறான்."

"உள்ள இருக்கிறதெல்லாம் கணக்குல வராது. அடுத்த வாரம் வெளிய வரச் சொல்லு."

சுண்டு வீட்டுக்கு வந்து தொட்டியிடம் அப்படியே சொன்னாள். தம்பி கேட்கவில்லை. இரண்டாம் வாரமும் பூஜ்யம், மூன்றாம் வாரமும் பூஜ்யம். மற்ற குழந்தைகளின் தொட்டிகளோ அட்டவணையை ஒரு நூல்கூடத் தாண்டாமலும் குறையாமலும் வளர்ந்தன. ஆரஞ்சு விதை போட்ட தொட்டியில் ரோஜாச் செடி வந்தது. பசுமை மிஸ் அதையும் அளந்து பச்சையில் குறித்தார். உயரம் சரியாக இருந்தால் போதும், செடியின் சொந்த விஷயங்களில் பள்ளி தலையிடுவதில்லை.

நான்காம் வாரம் சுண்டுவின் சட்டையில் பழுப்பு நிற அட்டை ஒன்றைக் குத்தி, அவளை ஜன்னலோர வரிசைக்கு மாற்றினார்கள். அதன் பெயர் வறண்ட வரிசை. அந்த வரிசையில் அவள் மட்டும்தான் இருந்தாள். அவளோடு விளையாடினால் தங்கள் செடியும் வாடிவிடும் என்று மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எட்டு வயதில் அவ்வளவுதான் விஞ்ஞானம் தெரியும். அந்தப் பள்ளியில் அறுபது வயதிலும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

சுண்டு சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினாள். தன் டம்ளர் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் ஊற்றினாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நான் கெட்டவளா?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"நல்ல மனசு இருந்தா செடி வரும்னு ஸ்கூல் பாட்டுல வருதுல்ல. அன்னிக்கு நான் பல்லு வெளக்காமயே வெளக்கிட்டேன்னு சொன்னேன். அதனாலதான் தம்பி வரலையா?"

வேன்காரர் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு வாய் உருட்டி நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் ரொட்டி போடுகிறவர், தன் பிள்ளை வாயில் ஒரு கவளம் இறங்கவில்லையே என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

"நர்சரியில போய்க் கேட்டுட்டு வாங்க, உரம் ஏதாவது போட்டா வருமான்னு" என்று மனைவி சொன்னாள். போனார். நர்சரி வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. எல்லாம் தெரிந்த முகங்கள், பெற்றோர் கூட்டத்தில் கை தட்டிய அதே கைகள்.

நர்சரிக்காரர் இவரைப் பார்த்ததும் கேட்டார். "எந்த கிளாஸ்? எத்தனாவது வாரம்?"

"இல்லைங்க, பேரீச்சங்கொட்டை போட்டிருக்கோம். முளைக்கலை..."

"கொட்டையா?" நர்சரிக்காரர் கையில் இருந்த பூவாளியைக் கீழே வைத்தார். "நெஜமாவே போட்டீங்களா? ஏங்க?"

பின்னால் நின்ற அம்மா ஒருத்தி இரக்கத்தோடு விளக்கினாள். இவள் மகள்தான் வகுப்புத் தலைவி. "யாரும் போடுறதில்லைங்க. வாரா வாரம் இங்கதான் மாத்திக்குவோம். எங்க வீட்டுக்காரர் ஏழு வாரத்துக்கும் முன்னாடியே சொல்லி வெச்சுட்டார். புள்ளைக்குத் தெரியாம தொட்டிய மாத்தி வெச்சுடுவோம். அது பாவம், தானே வளர்த்ததா நெனச்சு ஆடிக்கிட்டு இருக்கு."

அட்டவணைப்படி செடிகள் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தன. 'மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வாரம்' என்று அட்டை எழுதிச் செருகியிருந்தது. கொல்லைப்புறத்தில் போன வாரத்துச் செடிகள் குவியலாகக் கிடந்து காய்ந்துகொண்டிருந்தன. நல்ல செடிகள்தான். வயது குறைவு என்பதைத் தவிர அவற்றிடம் வேறு குற்றம் இல்லை.

"அதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்று வேன்காரர் கேட்டார்.

"கொளுத்திடுவோம். வேற என்ன பண்றது? உங்களுக்கு அஞ்சாவது வாரம் எடுக்கட்டுமா?"

வேன்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். சுண்டு தினமும் அந்த மண்ணோடு பேசுகிறாள். அதில் வேறு ஒன்றைச் செருகிவிட்டு இதுதான் உன் தம்பி என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனார். அறைக்குள் ஏசிக் குளிரில் உடம்பு விறைத்தது. மேஜையைச் சுற்றி நின்ற செடிகளெல்லாம் பிளாஸ்டிக். நிஜச் செடிக்கு அந்தக் குளிர் ஆகாதாம். பசுமை மிஸ்ஸும் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், பேரீச்சங்கொட்டை முதல்ல கீழதான் வேர் விடுமாம். மேல வர நாளாகுமாம். என்கூட வேன்ல சரக்கு இறக்க வர்ற பையன் போன்ல தேடிப் பார்த்துச் சொன்னான்" என்றார் வேன்காரர், கையைப் பிசைந்துகொண்டே.

"வேரா?" தலைமையாசிரியை பசுமை மிஸ்ஸைப் பார்த்தார்.

"வேர் அஞ்சாம் வகுப்புப் பாடம் மேடம்" என்றார் பசுமை மிஸ்.

"பாருங்க சார், அஞ்சாம் வகுப்புல வர்றதை மூணாம் வகுப்புல கொண்டுவந்தா குழந்தைங்களுக்குச் சுமை ஆயிடும். அதுல நாங்க ரொம்ப கவனமா இருக்கோம்."

"இல்ல மேடம், செடி அதுபாட்டுக்கு அதோட நேரத்துல..."

"அதோட நேரம்னு ஒண்ணு இருந்தா எங்க நேரம் என்ன ஆறது?" தலைமையாசிரியைக்குக் கோபமே வரவில்லை, அவர் குரல் குழைந்தது. "நான் இயற்கையை உயிரா மதிக்கிறேன் சார். மதிக்கிறதாலதான் அதுக்கு ஒரு ஒழுங்கு கத்துக் குடுக்கப் பார்க்கிறேன். விட்டா அது இஷ்டத்துக்கு முளைக்கும். எங்க பள்ளிக்கூடத்துல எந்தச் செடியும் இதுவரைக்கும் செத்ததில்லை, தெரியுமா? ஒண்ணுகூட இல்லை. ஏன்னு கேளுங்க."

வேன்காரருக்கு ஏன் என்று தெரியும். நர்சரியின் கொல்லைப்புறத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். ஆனாலும் கேட்டார்.

"அன்பு சார். வேற ஒண்ணுமில்லை. உங்க குழந்தைகிட்ட அது கொஞ்சம் கம்மியா இருக்கோ என்னவோ."

இந்த இடத்தில் மேஜையைத் தட்டிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும் என்று வாசகர்களுக்குத் தோன்றும். வாசகர்களுடைய பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. வேன்காரர் எல்லாவற்றையும் மென்று விழுங்கிக்கொண்டு, "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஆறாம் வாரமும் பூஜ்யம். நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் வேன்காரரும் நர்ஸும் சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டார்கள்.

"ஒரு வருஷம் போயிடுங்க. இப்பவே எலும்பும் தோலுமா இருக்கா. ஃபெயில்னு சொன்னா தாங்குவாளா?"

"அவளுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னா?"

"தெரியாம வைங்க. எல்லார் வீட்லயும் வெக்கலையா?"

வேன்காரர் நர்சரிக்குப் போய் ஏழாம் வாரச் செடி ஒன்றை வாங்கி, வேனில் ரொட்டித் தட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். தளதளவென்று, பெயர் தெரியாத செடி அது. காலையில் அவள் குளிக்கும் நேரத்தில் மாற்றிவிடுவது என்று திட்டம்.

காலையில் அவர் வேனை நோக்கி இறங்கப் போனபோது பால்கனியில் இருந்து ஒரு அலறல் கேட்டது.

"அப்பா! அம்மா! வந்துட்டான்! தம்பி வந்துட்டான்!"

மண்ணைத் துளைத்துக்கொண்டு ஒரு பச்சை நுனி நின்றது. ஒற்றை இலை, விரல் நகம் உயரம்கூட இல்லை. நர்ஸ் தரையில் மண்டியிட்டுப் பார்த்தாள். வார்டில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்ததைப் பார்த்தவள், இதைப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். வேன்காரருக்கு யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சுண்டு அன்றைக்கு நான்கு ரொட்டித் துண்டு தின்றாள், ஐந்தாவதும் கேட்டாள்.

உயரம் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பூஜ்யம் இல்லையே! "நடுவர்கிட்ட நானே சொல்றேன்பா, இன்னும் குட்டிப் பாப்பா, அதனாலதான்னு" என்றாள் சுண்டு. வேனில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் கையால் பொத்திக்கொண்டாள். ஏழாம் வாரச் செடி பின்னால் ஒளிந்தபடியே வந்தது.

பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, நீளமான மேஜைகளில் தொட்டிகள் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டு ஓடியது. காற்றைக் காப்போம் என்ற பாட்டுக்கு மைக் வேண்டுமே. வேன்காரர் தொட்டியைச் சுண்டுவின் பெயர் இருந்த இடத்தில் இறக்கி வைத்தார். சுண்டு பக்கத்திலேயே நின்றாள்.

பசுமை மிஸ் கையுறை மாட்டிக்கொண்டு, கடைசிச் சுற்றுப் பார்த்தபடி விறுவிறுவென்று வந்தார். சுண்டுவின் தொட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன சார் நீங்க! நடுவர் வர்ற நேரத்துல புல்லோட கொண்டுவந்து வெச்சிருக்கீங்க."

சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் பிடித்து ஒரே இழுப்பு.

அது வந்தது. கொட்டையோடு வந்தது. கொட்டைக்குக் கீழே வெள்ளை வேர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. தொட்டியின் அடிவரைக்கும் போயிருந்த வேர். பசுமை மிஸ்ஸின் கையில் இருந்த ஸ்கேல் நீளத்துக்கு அது தொங்கியது.

"பாருங்க, களைன்னா எவ்வளவு ஆழம் போகுது!" என்றார் பசுமை மிஸ், எல்லோருக்கும் தூக்கிக் காட்டி. பிறகு அதை 'மக்கும் குப்பை' என்று எழுதிய பச்சைத் தொட்டியில் போட்டார். மக்காத குப்பைத் தொட்டியில் போடவில்லை. அந்த விஷயத்தில் அவர் தவறே செய்ய மாட்டார்.

சுண்டு ஓடிப்போய்க் குப்பைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "மிஸ், அது தம்பி" என்றாள்.

"தம்பியெல்லாம் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்ல? வெளிய நிக்கச் சொல்லு" என்றார் பசுமை மிஸ், வாசலைப் பார்த்தபடி. நடுவர்களின் கார் வந்துவிட்டது. "சார், செடி இல்லாத தொட்டி மேஜையில இருக்கக் கூடாது. எடுத்துடுங்க. குழந்தைக்கு அடுத்த வருஷம் திரும்ப மூணாம் வகுப்புல பார்த்துக்கலாம்."

வேன்காரர் குப்பைத் தொட்டியைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மகளைப் பார்க்கவில்லை.

"மிஸ், வேன்ல ஒண்ணு இருக்கு" என்றார்.

அவரே ஓடிப்போய் எடுத்து வந்தார், அவரே தொட்டியில் நட்டு, "எல்லாரோடதும் வாங்கினதுதாம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே மண்ணை அழுத்தினார். சுண்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழக்கூட இல்லை.

நடுவர் குழுத் தலைவர் மேஜை மேஜையாக வந்தார். ஏசி அணையக் கூடாது என்று அவர் கார் வாசலில் ஓடிக்கொண்டே இருந்தது. சுண்டுவின் தொட்டி முன்னால் நின்று, மைக்கை அவள் வாயருகே நீட்டினார். "இவ்வளவு அழகா வளர்த்திருக்கியே, எப்படிம்மா வளர்த்தே?"

"இது என்னோடது இல்ல" என்றாள் சுண்டு. ஒலிபெருக்கியில் மைதானம் முழுக்கக் கேட்டது. "என்னோடதைப் புடுங்கிப் போட்டுட்டாங்க. இது அப்பா வாங்கிட்டு வந்தது. எல்லாரோடதும் வாங்கினதுதானாம்."

தலைமையாசிரியையின் முகம் பேயறைந்தது போலானது. வேன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். உண்மை வெளியே வந்துவிட்டது, இனிமேல் ஏதாவது ஆகத்தான் வேண்டும் என்று அவருக்குப் பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது.

தலைவர் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா? 'என்னோடது இல்ல'ங்குது இந்தக் குழந்தை! பூமி நம்முது இல்ல, செடி நம்முது இல்ல, நாம எல்லாரும் வாங்கிட்டு வந்தவங்க, திருப்பிக் குடுக்கணும். எவ்வளவு பெரிய தத்துவம்! முப்பது வருஷமா நான் மேடையில பேசுறேன், எனக்கே இவ்வளவு தெளிவா வந்ததில்லை. இந்தப் பள்ளிக்குக் கொடி குடுக்காம வேற யாருக்குக் குடுக்கிறது?"

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. சுண்டுவின் பழுப்பு அட்டையைக் கழற்றிவிட்டு, தங்க நிற அட்டையைக் குத்தினார்கள். நான்காம் வகுப்பு உறுதியானது. மூன்றாவது கொடி ஏறியது. தலைமையாசிரியை வேன்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார், அன்பு!" என்றார்.

அதற்குப் பிறகு சுண்டு வீட்டில் யாரோடும் தானாகப் பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், போட்டதைத் தின்பாள், அவ்வளவுதான். "வளர்ந்துட்டா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நர்ஸ் சுண்டுவின் முதுகுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான்காம் வகுப்பின் முதல் நாள், பள்ளியிலிருந்து வழவழப்பான தாளில் வண்ணச் சுற்றறிக்கை வந்தது. காகிதத்தைச் சேமிக்கும்படி அடியில் எழுதியிருந்தது. மேலே புதிய திட்டம்: 'ஒரு குழந்தை, ஒரு பறவை'. வீட்டுப் பக்கம் வரும் பறவை ஒன்றைக் குழந்தை அன்போடு பிடித்து வளர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் சிறகு அளக்கப்படும்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேன்காரர் அதை வாய்விட்டுப் படித்தார். படித்து முடிக்கும் முன்பே சுண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பால்கனிக்கு ஓடினாள். கைப்பிடிச் சுவரில் இரண்டு சிட்டுக்குருவிகள் உட்கார்ந்திருந்தன.

"போ! போயிடு! ஓடு!" என்று கத்தினாள். கையைக் கையைத் தட்டினாள். குருவிகள் எழும்பி எதிர்வீட்டு ஜன்னலில் போய் உட்கார்ந்தன. "அங்கயும் இருக்காதே! அவங்க கண்ணுல படாதே! போயிடு!" கன்னமெல்லாம் கண்ணீர் வழிந்தது. பிறகு திரும்பி, ரொம்ப நாளைக்கு அப்புறம் அவரை நேராகப் பார்த்தாள். "அப்பா, நீயும் வாயேன். உன் சத்தம்தான் பெருசு."

வேன்காரர் சுற்றறிக்கையைப் போட்டுவிட்டு எழுந்து போனார். மகளுக்குப் பக்கத்தில் நின்று, கை வலிக்கும் வரைக்கும் தட்டினார்.